இரண்டு புள்ளி, ஒரு கோடு

“இங்க யாராச்சும் வாராங்களா?” என்று தமிழ்ச்செல்வி கேட்டபோது, பையை ஏற்கெனவே அந்த நாற்காலியில் வைத்தாகிவிட்டது.

“இல்ல மேடம், உக்காருங்க” என்றாள் மைத்ரேயி.

“மேடம்லாம் காலேஜோட போகட்டும். அக்கான்னு சொல்லு. சோழவந்தான் பக்கத்துல ஒரு காலேஜ்ல கணக்கு எடுக்குறேன். நீ?”

“இங்கதான்க்கா. பிஎச்.டி. ரெண்டாவது வருஷம்.”

“நான் ஒம்பதாவது வருசம். மாசமா இருந்திருந்தா இந்நேரம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பாங்க.”

சிரிக்கலாமா கூடாதா என்று மைத்ரேயிக்குத் தெரியவில்லை. தமிழ்ச்செல்வி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

“முன்னாடி வந்து உக்காந்திருக்கியே, நெறையக் கேள்வி கேப்பியோ?”

“கேக்கவே மாட்டேன்க்கா. கேக்குறவங்களுக்கு மைக் கொண்டு குடுக்குறது என் வேலை.”

“அப்பச் சரியான எடத்துலதான் உக்காந்திருக்கேன். கேள்வி நேரம் வந்ததும் மொதல்ல எங்கிட்டக் குடுத்துரு.”

“என்ன கேக்கப் போறீங்க?”

“எப்பயும் கேக்குறதுதான்.”

“சார் இன்னும் மேடைக்கே வரலையே.”

“வந்து என்ன பேசுனாலும் அதேதான் பாப்பா கேப்பேன்.”

அது ஒரு பிப்ரவரித் திங்கட்கிழமை. மதுரையில் ஒரு கல்லூரியின் கணிதத் துறை ஏற்பாடு செய்த ஐந்து நாள் பயிலரங்கின் முதல் காலை. பொருள் கிராஃப் தியரி. சில புள்ளிகள், அவற்றைச் சேர்க்கும் சில கோடுகள், அவ்வளவுதான் அந்தத் துறையின் மூலதனம். அதை வைத்துக்கொண்டு பேருந்து வழித்தடம் போடுகிறார்கள், தேர்வு அட்டவணை தயாரிக்கிறார்கள், யார் யாருக்குக் காய்ச்சல் பரவும் என்று கணிக்கிறார்கள். ஒன்றுக்கும் பயன்படாமல் புள்ளிகளுக்கு எண்களைச் சூட்டி அழகு பார்ப்பவர்களும் உண்டு. தென் மாவட்டக் கல்லூரிகளில் அவர்கள் நிறையப் பேர். தமிழ்ச்செல்வி அவர்களில் ஒருவர்.

சென்னை ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்திருந்த பேராசிரியர் விஸ்வநாத் முதல் உரையை முடித்தார். மைத்ரேயி சொன்னபடியே மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ்ச்செல்வி எழுந்து நின்று, முந்தானையைச் சரி செய்துகொண்டு கேட்டார்:

“சார், ஒரு உதாரணம் குடுங்க.”

அவர் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார்.

“இன்னொண்ணு சார். கொஞ்சம் பெருசா.”

பின் வரிசையில் சிரிப்பு கேட்டது. விஸ்வநாத் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுப் பத்துப் புள்ளிகளில் ஒன்று வரைந்தார். வரைந்து முடித்தபோதுதான் அவர் சொன்ன தேற்றம் என்ன என்று அரங்கில் பாதிப் பேருக்குப் புரிந்தது. மைத்ரேயிக்கும் அப்போதுதான் புரிந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வந்தபோது, மேடையில் யார் ஒரு வரையறையை எழுதி முடித்தாலும் கண் தானாகவே முன் வரிசை இரண்டாம் நாற்காலிக்குப் போயிற்று. “மேடம் கேக்குறதுக்கு முன்னாடியே போட்டுடறேன்” என்று விஸ்வநாத் சாக்பீஸை எடுத்தார். அந்த அரங்கில் தமிழ்ச்செல்விக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

தமிழ்ச்செல்வியின் வாழ்க்கையைச் சொல்ல நீண்ட கதை ஒன்றும் இல்லை. அப்பா அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். தமிழ்ச்செல்வி மதுரைக்குத் தினமும் பேருந்தில் வந்து எம்.எஸ்ஸி. வரை படித்தார். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் பாடம், கிடைக்காவிட்டால் மனக்கணக்கு. இருபத்து நான்கு வயதில் ராஜபாண்டியைக் கட்டிக்கொண்டார். ராஜபாண்டிக்கு ஆற்றுப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. ஒரு மகன், பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கை விட்டுவிட்டு உயிரியல் எடுத்திருக்கிறான். “எங்க வீட்டுல எல்லாத்துக்கும் எதிர் உதாரணம் இவன்தான்” என்று அவனைப் பற்றிச் சொல்வார்.

கல்லூரியில் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு. முப்பத்திரண்டாவது வயதில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். வழிகாட்டி ஓய்வு பெற்று மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டதால், ஆராய்ச்சி பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில் நடந்தது. வழிகாட்டி அனுப்பும் பதில்களில் முக்கால்வாசி கும்பிடும் கைகள். கேட்க ஆள் இல்லாதவர் வேறு என்ன செய்வார்? எங்கே பயிலரங்கு நடந்தாலும் போய்விடுவார். திருநெல்வேலி, காரைக்குடி, திண்டுக்கல், சிவகாசி. அப்படிச் சேர்ந்த சான்றிதழ்கள் முப்பத்தேழு. சான்றிதழோடு தரும் துணிப்பைகளும் முப்பத்தேழு. வீட்டில் வெங்காயம் தொங்குவது ஒரு தேசியப் பயிலரங்கில். ராஜபாண்டி வெற்றிலைக் கவுளிக் கட்டுகளைச் சந்தைக்கு எடுத்துப் போவது ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில்.

அந்த ஐந்து நாளும் காலையில் பேருந்து நிறுத்தத்தில் அவரை வண்டியில் இறக்கிவிட்டது ராஜபாண்டிதான். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்ளும்போது தவறாமல் ஒன்று கேட்பாராம்: “இன்னைக்கி எதும் புதுசாக் கண்டுபிடிச்சீகளா?” பூக்காரியிடம் இன்றைக்கு மல்லிகை வந்ததா என்று விசாரிக்கும் குரலில் கேட்பார் என்று தமிழ்ச்செல்வி சொல்லிச் சிரித்தார். பல வருடம் இல்லை என்றே சொல்லிவந்தவர், இந்த மூன்று ஆண்டாக அடிக்கடி ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். ஆய்வேடு ஐந்து அத்தியாயம். கடைசி மூன்றில் எட்டுத் தேற்றங்கள். மார்ச் இறுதியில் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்க வேண்டும். அச்சகத்தில் சொல்லி வைத்தாயிற்று. அட்டை நிறம்கூட முடிவாகியிருந்தது.

புதன்கிழமை மதியம் தேநீர் இடைவேளையில், தமிழ்ச்செல்வி பன்னிரண்டு பக்கத்தை மைத்ரேயியின் கையில் வைத்தார்.

“நாளைக்கி மத்தியானம் ரெண்டரைக்கு என் பேப்பர். அந்த எட்டுத் தேற்றமும் இதுலதான் இருக்கு. எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் ஒரு கண்ணு பாத்துக் குடு. ஒனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்ல.”

“கணக்கையும் பாக்கவாக்கா?”

“அத ரெண்டு ஜர்னல்ல பாத்துட்டாங்க. நீ எழுத்தப் பாரு, போதும்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் ஆனையூர் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. மைத்ரேயி பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தாள். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. தமிழ்ச்செல்வி தன் எண்ணிடல் முறைக்கு வைகை என்று பெயர் வைத்திருந்தார். விதி மூன்றே மூன்று. ஒன்று, இணைந்து கிடக்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண், எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது. இரண்டு, ஒரு கோட்டின் இரண்டு முனையிலும் உள்ள எண்களின் வித்தியாசத்தைக் கோட்டின் மேல் எழுதினால், ஒரு புள்ளியைத் தொடும் எல்லாக் கோடுகளிலும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்று, எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் அண்டைப் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஒற்றைப்படை எண்ணாக வேண்டும். அதன் கீழே ஓர் உதாரணம்: இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஒரு முனையில் 1, மறு முனையில் 3.

மூன்று நாளாக முன் வரிசையில் உட்கார்ந்த பழக்கத்தில் மைத்ரேயிக்கு மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. இன்னொண்ணு. கொஞ்சம் பெருசா.

மூன்று புள்ளி போட்டுப் பார்த்தாள். வரவில்லை. நான்கு போட்டாள். வரவில்லை. பேருந்து குலுங்கியதில் கூட்டல் தப்பாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டாள். நடுப்புள்ளிக்கு 7 கொடுத்தாள். கோட்டின் வித்தியாசம் 2 என்றால் அண்டை எண்கள் 5, 9. மூன்றாவதாக ஒன்று வரவே முடியாது, வந்தால் எண் திரும்ப வந்துவிடும். ஐந்தும் ஒன்பதும் பதினான்கு. வித்தியாசம் 3 என்றால் 4, 10. அதுவும் பதினான்கு. எதை வைத்தாலும் ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைந்து, நடு எண்ணின் இரண்டு மடங்குதான் மிஞ்சுகிறது. இரண்டு மடங்கு எப்போதும் இரட்டைப்படை. விதியோ ஒற்றைப்படை கேட்கிறது. அப்படியென்றால் எந்தப் புள்ளிக்கும் இரண்டு கோடு இருக்கவே முடியாது. ஒரு கோடு, இரண்டு முனை, அதோடு படம் முடிந்தது.

தாளில் இருந்தது எளிய உதாரணம் அல்ல. உலகத்தில் இருக்கும் ஒரே உதாரணம். எட்டுத் தேற்றமும், மூன்று அத்தியாயமும், இரண்டு இதழ்க் கட்டுரையும் அந்த ஒற்றைக் கோட்டைப் பற்றித்தான். தேற்றங்களில் தப்பே இல்லை என்பதுதான் வேடிக்கை.

மைத்ரேயி இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று.

மறுநாள் தமிழ்ச்செல்வி மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் வந்தார். “அவரு எடுத்துக் குடுத்தது. பேப்பர் வாசிக்கப் போற ஆளு பருத்தியில போகக்கூடாதாம்.” பதினோரு மணிக்கு வடை வந்தது. மைத்ரேயி பக்கத்தில் போய் நின்றாள், சட்னி வேண்டுமா என்று கேட்டாள், திரும்பி வந்துவிட்டாள். துறைத் தலைவர் ஆரிபா மேடத்திடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அது கோள் சொல்வது போல இருந்தது. சொல்லாமல் விட்டால் யாராவது கூட்டத்தில் எழுந்து சொல்வார்கள். யாரும் சொல்லாமலே போனால் இன்னும் மோசம், அந்த ஆய்வேடு அச்சாகி, அட்டை போட்டு, நூலகத்தில் உட்கார்ந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் இருவரும் தனியாக நின்றார்கள். வாயால் சொல்ல வராததை எழுதிக் கொடுத்துவிடுவது மைத்ரேயியின் பள்ளிக்கூடக் காலப் பழக்கம். பயிலரங்குக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். 5, 7, 9. கீழே 4, 7, 10. அதற்கும் கீழே 14, 14.

தமிழ்ச்செல்வி ஈரக் கையைச் சேலையில் துடைக்கப் போய், பட்டு என்று நினைவு வந்து, காற்றில் உதறிவிட்டுத் தாளை வாங்கினார். பார்த்தார். பேனா கேட்டார். 8 எழுதி, இரண்டு பக்கமும் எண் போட்டுக் கூட்டினார். 11 எழுதிக் கூட்டினார். பிறகு எழுதவில்லை. குழாய் ஒன்று மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மூடினார்.

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

“நேத்து சாயங்காலம். பஸ்ல.”

“காலையில சொல்லியிருக்கலாம்ல.”

“நாலு தடவ வந்தேன்க்கா.”

“வந்தெ. சட்னி வேணுமான்னு கேட்டெ.” குழாயை இன்னொரு தரம் இறுக்கிவிட்டு, “நல்லதுதான். அந்த வடையையாச்சும் நிம்மதியாத் தின்னேன்” என்றார்.

“உடம்பு சரியில்லன்னு ஆரிபா மேடத்துக்கிட்ட சொல்லிரவா? உங்க பேர எடுத்துருவாங்க. யாருக்கும் தெரியாது.”

தமிழ்ச்செல்வி அந்தத் தாளை நான்காக மடித்தார்.

“ஒம்பது வருசமா அம்புட்டுப் பேர்கிட்டயும் உதாரணம் குடு, உதாரணம் குடுன்னு கேட்டேன். எங்கிட்ட ஒருத்தராச்சும் கேட்டாங்களா பாப்பா? நான்கூட எங்கிட்டக் கேக்கல பாரு.” பிறகு, “அந்தப் புரொஜெக்டர் திரைய மேல ஏத்திவிடச் சொல்லு. எனக்குக் கரும்பலகை வேணும். மைக்கும் வேணாம்” என்றார்.

இரண்டரை மணிக்குத் திரை சுருண்டு மேலே போயிற்று. தமிழ்ச்செல்வி மூன்று விதிகளையும் எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பி, முன் வரிசையில் காலியாகக் கிடந்த தன் நாற்காலியைப் பார்த்து, “சார், ஒரு உதாரணம் குடுங்க” என்றார். அரங்கு சிரித்தது. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போட்டார்.

“இன்னொண்ணு சார். கொஞ்சம் பெருசா.”

மறுபடி சிரித்தார்கள். அவர் வரையவில்லை. 7 எழுதினார். பக்கத்தில் 5, 9. கூட்டினார். 4, 10. கூட்டினார். அதற்குள் முன் வரிசையில் சிரிப்பு நின்றிருந்தது. பின் வரிசைக்கு இன்னும் ஒரு நிமிடம் பிடித்தது.

“இந்த ஒண்ணத் தவிர வேற இல்ல. இதக் கண்டுபிடிச்சது நானில்ல, அந்தா நிக்கிற மைத்ரேயி. என் பேப்பர்ல எட்டுத் தேற்றம். எட்டும் சரிதான், யாரும் பயப்பட வேணாம். ஒத்தக் கோட்டப் பத்தி இம்புட்டுத் தெரிஞ்ச ஆளு உலகத்துலயே நான் ஒருத்திதான்.”

யாரும் கை தட்டவில்லை. நாற்பது பேர் பார்வை தன் மேல் விழுந்ததில் மைத்ரேயி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். விஸ்வநாத்தான் கேட்டார்.

“இந்த ரெண்டாவது கண்டிஷன் ஆரம்பத்துலேருந்தே இப்படியா?”

“இல்ல சார். மொத ஆறு வருசம் தளர்வா இருந்துச்சு. ஒரு புள்ளியில ரெண்டு வகை வித்தியாசம் வரலாம்னு வச்சிருந்தேன். மூணாவது கண்டிஷனே கெடையாது. ஜர்னல்ல கட்டுரையப் படிச்சுப் பாத்த ரெஃப்ரி ஒருத்தரு, ரொம்பத் தளர்வா இருக்கு, இறுக்குனா நல்லதுன்னு எழுதுனாரு. இறுக்குனேன்.”

“அந்தப் பழைய தளர்வுல உதாரணம் இருந்துதா?”

“எம்புட்டு வேணும் சார்?” என்று கேட்டுக்கொண்டே பலகையை அழிக்க ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிட்டது. ஏணி போல ஒன்று, மீன் எலும்பு போல ஒன்று, கொடிக்காலில் கொடி ஏறுவது போல ஒன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட்டுக்கொண்டே போனார். மணியடித்தும் யாரும் எழவில்லை.

தேநீர் வேளையில் விஸ்வநாத் தமிழ்ச்செல்விக்குத் தானே ஒரு குவளை எடுத்து வந்தார். “எனக்கும் இது நடந்திருக்கு. அப்போ எனக்கு முப்பது வயசு. நான் பலகையில எழுதிக் காட்டலை. பேப்பரைப் பைக்குள்ள வச்சுண்டு ஊருக்குப் போயிட்டேன்” என்றார். பக்கத்தில் நின்ற மைத்ரேயிக்கு மட்டும் அது கேட்டது.

கணக்கு அன்றைக்கே தெளிவாகிவிட்டது. பழைய தளர்வான விதியில் எழுதிய முதல் இரண்டு அத்தியாயங்கள் உயிரோடு இருக்கின்றன. மற்ற மூன்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். கடைசியாக ஒரே ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்க விதியில் இடம் இருக்கிறது என்று ஆரிபா மேடம் பார்த்துச் சொன்னார். மனுவை அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். மார்ச் மாத அச்சு வேலை நின்றுபோயிற்று.

வெள்ளிக்கிழமை குழுப் புகைப்படம் எடுத்தார்கள், முப்பத்தெட்டாவது சான்றிதழ் கொடுத்தார்கள். ஆரப்பாளையத்தில் சோழவந்தான் பேருந்து புறப்படக் கால் மணி நேரம் இருந்தது. மைத்ரேயி வழியனுப்ப வந்திருந்தாள். தமிழ்ச்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் அச்சிட்டிருந்த எழுத்துகளை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“நேத்து வண்டியில ஏறுனதும் வழக்கம்போல கேட்டாரு, புதுசாக் கண்டுபிடிச்சீகளான்னு. ஆமான்னு சொன்னேன். பொய் இல்லையே. மேக்கொண்டு வாயி வரல.”

“திட்டுவாராக்கா?”

“திட்டுனாத் தேவலையே. அவரு திட்ட மாட்டாரு.” பையின் கைப்பிடியை முறுக்கினார். “ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மதுரையில சொல்லி ஒரு பேர்ப்பலகை செஞ்சு வாங்கியாந்திருக்காரு. பித்தளை. முனைவர் தமிழ்ச்செல்வி ராஜபாண்டின்னு வெட்டியிருக்கு. தினத்தாள்ல சுத்திப் பீரோ மேல, பழைய கொசுவலைக்கு அடியில வச்சிருக்காரு. தூசி தட்டுறப்ப பாத்துட்டேன். நான் பாத்தது அவருக்குத் தெரியாது. மாசத்துக்கு ஒருக்கா, நான் காலேஜுக்குப் போனதும் எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கிறாரு போல. சுத்தியிருக்குற தாளு மாறிக்கிட்டே இருக்கு.”

நடத்துநர் ஏறிக் கதவைத் தட்டினார். ஓட்டுநர் வண்டியை உறும விட்டார்.

“நானே சொன்னா என் மொகத்தப் பாத்தே அவருக்கு வெளங்கிரும், பலகை விசயம் எனக்குத் தெரியும்னு. நாப்பது பேருக்கு முன்னாடி சொல்லிட்டேன், இவருகிட்ட முடியல.” ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி மைத்ரேயியின் மணிக்கட்டைப் பிடித்தார். “நீ பேச மாட்டெ, தெரியும். எனக்காக ஒரு தடவ பேசு. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. சாப்புட்டுட்டு, அந்த ஏழு, அஞ்சு, ஒம்பத அவருக்கு எழுதிக் காட்டு. இன்னும் ஒரு வருசம் ஆகும்னு சொல்லு. பீரோ மேல மட்டும் பாத்துராத பாப்பா.”